பிஸ்கால் தட்டிய கதவுகள்

மொன்றியலில் என் வேலைக்குப் பிரெஞ்சில் ‘ஹுயிசியே’ என்று கம்பீரமான பெயர். நம்மவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. ஊரில் நீதிமன்றக் கட்டளையோடு வந்து வீட்டைக் காலி செய்விப்பவரைப் பிஸ்கால் என்பார்கள். எனக்கும் அதே பெயர் விழுந்தது. கோயிலில் சாப்பாட்டுக்கு நின்றால், முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்துப் பக்கத்திலிருப்பவரிடம் “பிஸ்கால்” என்று முணுமுணுப்பார். வரிசை கொஞ்சம் விலகும்.

அந்த வேலையில் எத்தனையோ வீடுகளுக்குள் போயிருக்கிறேன். கறுப்பாகப் பூஞ்சணம் ஏறிய சுவர்கள், கடுங்குளிரிலும் சூடேறாத ஹீற்றர்கள். வீட்டுச் சொந்தக்காரன் திருத்தாததைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமையில்லை; சாமான்களை வெளியே வைப்பிக்க மட்டும் உரிமையுண்டு. எனக்கு ஆத்திரம் பொங்கியது. வேலையை விட்டுவிட்டு, வில்லரேப் பகுதி மன்றத் தேர்தலில் நின்றேன்.

“உமக்கு ஆர் கதவு திறப்பினம்?” என்று கேட்டார் என் கணவர்.

நியாயமான கேள்விதான். என் கையும் என்னைக் காட்டிக்கொடுத்தது. மணியை அழுத்த மறந்து, பழைய பழக்கத்தில் முஷ்டியால் மூன்று தட்டுத் தட்டிவிடுவேன். உள்ளே ஓடும் ரீவி பட்டென்று நிற்கும். பிறகு ஒரு பிள்ளையின் குரல் வரும்: “அம்மா வீட்டில இல்லையாம்!”

அந்த ‘ஆம்’ போதும், அம்மா கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறாள் என்று தெரிந்துவிடும். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். துண்டுப் பிரசுரத்தைக் கதவில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். விட்டேனா பார் என்று மறுநாள் அதே கதவுக்குத் திரும்பவும் போவேன்.

ஒரு மாலை, மன்னார்ப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். முந்திய குளிர்காலத்தில் நான் காலி செய்வித்தது இவளுடைய வீட்டைத்தான்.

“என்னை வெளியில போட்டிட்டு இப்ப என்ர வோட்டுக்கு வந்தனீங்களோ?”

“ஓம்.”

“அந்தப் பூஞ்சணம் பிடிச்ச சுவரைக் கண்டனீங்கள்தானே அக்கா? ஏன் வாய் திறக்கேல்லை?”

“பிஸ்காலுக்கு வாய் இல்லை, தங்கச்சி. மன்றத்துக்குப் போனா இருக்கும். அதுக்குத்தான் நிக்கிறன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “போடுறன். ஆனா நீங்கள் தேர்தலில வெண்டா, நான் வந்து உங்கட கதவைத் தட்டுவன். இல்லையாம் எண்டு சொல்லப்படாது.”

வென்றேன். மயிரிழையில்தான், ஆனாலும் வென்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் ரீவி பார்த்துக்கொண்டிருந்தோம். கதவில் முஷ்டியால் மூன்று தட்டு. கணவர் சட்டென்று ரீவியை நிறுத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

அவள்தான். தான் முன்பு குடியிருந்த கட்டடத்துப் பெண்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு, பூசைக்குப் போன உடுப்போடேயே வந்திருந்தாள்.

“பிஸ்கால் அக்கா, சப்பாத்தைப் போடுங்கோ,” என்றாள். “சுவரைக் காட்டுறம்.”