கடல் பார்க்கப் போன சக்கர வீடு

காஜா மொய்தீன் ராயபுரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் மிஸ்திரி. எலும்புக்கூடாக வந்து நிற்கும் வண்டிக்கு மரச்சட்டம் கோத்து, தகடு அடித்து, பக்கத்துக்கு ஒரு கிளி எழுதி அனுப்புவார். துறைமுகச் சாலையில் ஓடுகிற லாரிகளில் பாதி தன் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு மிதப்பு. இத்தனை லாரி கட்டியவருக்கு ஒன்றைக்கூட ஓட்டத் தெரியாது.

ஆற்காட்டிலிருந்து ரஹீமுன்னிசாவை நிக்காஹ் செய்து கூட்டிவந்தபோது, "கடலைக் காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். பதினொரு கோடை போயிற்று. கோஷாப் பெண், திரை போட்ட ஜட்காவை விட்டால் வீடு. அலைச்சத்தம் மட்டும் தினமும் கேட்கும். "சத்தம் கேட்டே நான் கெழவியாயிடுவேன் போல" என்பாள்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் கத்திரி வெயிலில் ஒரு வழி பிறந்தது. முதலாளி ஏலத்தில் ஒரு பட்டாளத்து ஆம்புலன்ஸ் எடுத்துவந்து, அதைச் சோடா வண்டியாக்கச் சொன்னார். "அடுத்த வாரம் செவ்வாக்கெழமை ஆரம்பி. அதுவரைக்கும் உன் இஷ்டம்."

ஒரே வாரத்தில் ஆம்புலன்ஸ் வீடாகிவிட்டது. மடக்குக் கட்டில், அடுப்பு வைக்க மேடை, குழாய் வைத்த தண்ணீர்ப் பீப்பாய், பூப்போட்ட திரை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மறைப்புப் பலகை. ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே கூடிவிட்டது.

"இன்னா பாய், அஜ்மீருக்கா?"

"எண்ணூருக்கு."

"அடப்பாவி! எண்ணூருக்கு ஒரு வூட்டையே இட்டுனு போறியா?"

ஓட்டியவர் கோதண்டம், காஜாவின் தோஸ்து. தண்டையார்பேட்டை தாண்டியதும் வலப்பக்கம் கடல் திறந்துகொண்டது. வெள்ளிப் பாளம் போல் வெயில். அதன்மேல் கட்டுமரங்கள் ஏறி இறங்கின. முன்சீட்டில் காஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பாத்தியா ரஹீமு? கட்டுமரம் பாத்தியா?"

திருவொற்றியூர் வரை இதே கேள்விதான். பிறகு பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "கூட்ஸ் வண்டி பாத்தேன். எருமை பாத்தேன். ஒரு ஆளு பல்லு வெளக்குனதையும் முழுசா பாத்தேன். கடலு எப்பங்க வரும்?"

காஜாவுக்குச் சுரீரென்றது. வலப்பக்கம் எதிர்வண்டி உரசும், அங்கே திறப்பு வைக்காதே என்பது தொழிலில் முதல் பாடம். கை தன்பாட்டுக்கு அந்தப் பக்கத்தைத் தகடால் மூடி, பீப்பாயை நிறுத்தியிருந்தது. கதவும் ஜன்னலும் இடப்பக்கம். வடக்கே போகிற வண்டிக்குக் கடலோ வலப்பக்கம். பதினொரு வருஷம் காத்தவளுக்கு அவர் காட்டிக்கொண்டு வந்தது எருமை!

விஷயம் விளங்கியதும் கோதண்டம் ஸ்டியரிங்கிலேயே தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "மாமு! நீ கட்டுன வூட்டுக்குக் கடலே ஆகாது போலகீதே!"

"சிரிக்காதே நைனா, பேஜாராகீது. வண்டியைத் திருப்பு."

எர்ணாவூர்க் கடற்கரையில், கெட்டியான மணலில் வண்டியைத் தெற்குமுகமாகத் திருப்பி, அலைக்குப் பக்கவாட்டில் மதில் போல நிறுத்தினார்கள். சாலையில் போகிறவருக்கு வெறும் தகடுதான் தெரியும். காஜா கதவைத் திறந்தார்.

ரஹீமுன்னிசா படியிலேயே நின்றுவிட்டாள். "யா அல்லா! இம்மாந் தண்ணிய வெச்சிக்கினா நம்ம தெருக்கொழாய்ல குடத்தால அடிச்சிக்கிறோம்?"

இறங்கினாள். முதல் அலை முழங்காலைப் பிடித்ததும் வீறிட்டுக்கொண்டு ஓடிவந்தாள். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த செல்லம்மா என்ற மீன்காரி கையைத் தட்டிச் சிரித்தாள். "ஏன் தாயி ஓடுறே? அது வந்த வழியே பூடும். நில்லு, நானும் வரேன்."

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு அலைக்கும் ஒரு கூச்சல். வண்டிக்குள் அடுப்பு மேடைமேல் சோறு தீய்ந்தது, கேட்பாரில்லை. சேலை இடுப்புவரை நனைந்த பிறகுதான் ரஹீமுன்னிசா கரையேறினாள்.

"சரி, வூட்டுக்குத் திரும்பலாமா?" என்றார் கோதண்டம்.

"எண்ணூர்ல ஆறு வந்து கடல்ல சேருதாமே அண்ணே. அதப் பாக்காமலா?"

"வடக்கே போனா கடல் மறுபடி தகட்டுப் பக்கம் பூடுமே தங்கச்சி!"

"மூஞ்சி இப்படியே தெற்கப் பாக்கட்டும். பின்னாலயே போங்க."

கோதண்டம் காஜாவைப் பார்த்தார். காஜா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு சாலைக்குப் போய், ரயில் கார்டு கொடி காட்டுவது போல ஆட்டினார். "ரைட்! வா... வா... கொஞ்சம் ஒடி!"

வண்டி முனகிக்கொண்டு பின்னோக்கி ஊர்ந்தது. திரையை ஒதுக்கிவிட்டு, ஈரக்காலைத் தொங்கப்போட்டபடி வாசற்படியில் ரஹீமுன்னிசா. பக்கத்தில் மூச்சு விடாமல் கடல். கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கோதண்டத்துக்குச் சுளுக்கே பிடித்துவிட்டது.

எதிரே வந்த உப்பு லாரி நின்றது. காஜா எழுதிய கிளிதான் அதிலும். "இன்னா மிஸ்திரி, வண்டி முன்னால போவாதா?"

"ஜோராப் போவும். எங்க வூட்டம்மா கடல் பாத்துகினு வராங்க. நீ ஓரமாப் போ!"