இரண்டு கதவுகளுக்குச் சேஷாத்ரி வரைந்தது

போன திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கிய சற்று நேரத்தில் திருவள்ளூரிலிருந்து டிரங்க் கால் வந்தது. சேஷாத்ரியின் தம்பி பேசினார். "அண்ணா நேத்து சாயங்காலம் போயிட்டார். மார்வலின்னார், அவ்வளவுதான்." டைம் ஆபீஸ் ஜன்னலில் தாமதமாக வந்தவர்கள் நீட்டிய கார்டுகளில் நேரம் குறித்துக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் நம் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து டிராயிங் ஆபீஸில் இருந்தவர் அவர். இயந்திர பாகங்களை வரைவது வேலை. மற்றதையெல்லாம் வரைவது ஆசை. பேக்கிங் பிரிவில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது அவர்களுக்கென்று தனிக் கழிப்பறை கட்டினார்கள். தமிழில் எழுதினால் ஆந்திர எல்லையிலிருந்து வருகிறவர்களுக்குப் புரியாது. லோடு ஏற்றுகிறவர்கள் இந்திக்காரர்கள். பலருக்கு எந்த எழுத்தும் தெரியாது. படம் போடச் சொன்னார் மேனேஜர்.

சேஷாத்ரி மூன்று ஞாயிறுகள் ஊருக்குப் போகாமல் இரண்டு தகரப் பலகைகளில் வரைந்தார். ஆண்கள் கதவுக்குத் தோகை விரித்த மயில், பெண்கள் கதவுக்குப் பெட்டை மயில். அந்தக் கழுத்தின் நீலத்தை நின்று பார்த்தவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள்.

முதல் நாளே ரமணம்மா தோகை மயில் கதவைத் திறந்துவிட்டார். ஆரம்பாக்கத்துப் பக்கமிருந்து பேக்கிங்குக்குச் சேர்ந்தவர். உள்ளே ஆண்கள். வெளியே நின்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நேரே கேட்டைத் தாண்டிப் போனவர், இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

சேஷாத்ரி என்னிடம் வந்தார். "சிரிச்சது நீங்க, வரைஞ்சது நான். ரெண்டு பேருமா போயிட்டு வரலாம், வாங்கோ."

ரமணம்மா தன் வீட்டில் எங்களைப் பாயில் உட்காரச் சொன்னார். "அழகா இருக்கறது பொம்பளைங்களுதுன்னு நெனச்சிக்கினு போய்ட்டேன் சாமி. அது தப்பா?"

"தப்பு உங்களோடது இல்லம்மா. மயில்ல ஆணுக்குத்தான் அழகுன்னு எனக்குத் தெரிஞ்சதை எல்லாருக்கும் தெரியும்னு வெச்சுண்டேன்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பெண்ணின் முகம், மூக்குத்தி, பெரிய குங்குமப் பொட்டு. இதைப் பார்த்தால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும் என்று நினைத்தேன்.

ரமணம்மா வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது சாமி. ஆனா நான் எந்தக் கதவுல போறது?"

அப்போதுதான் நாங்கள் அவர் நெற்றியைப் பார்த்தோம். கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

சேஷாத்ரி தாளைச் சுருட்டினார். "எப்படிப் போடலாம்னு நீங்களே சொல்லுங்கோம்மா."

"மூஞ்சி எதுக்கு? பொடவ கட்டிக்கினு முதுக காட்டி நிக்கட்டும். சடை இருந்தா போதும்."

மறுநாள் அப்படியே வரைந்தார்; ஆண்கள் கதவுக்கும் அதேபோல வேட்டி கட்டி முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆள். கறுப்பு மட்டும், வேறு நிறமில்லை. கேட்டில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். ஒருவர்கூடத் தவறாகச் சொல்லவில்லை. அவருக்கு அது வலித்தது. "மரப்பாச்சி மாதிரி இருக்கு. நான் வரைஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லாதேங்கோ" என்றார். மயில்களை கேன்டீன் சுவரில் மாட்டினார். "அவசரமாப் போறவாளை நிறுத்தி ரசிக்கச் சொல்றது பாவம். சாப்பிட்டுட்டு நிதானமாப் பார்க்கட்டும்."

ரமணம்மா திரும்பி வந்த அன்று, சிரித்தது தவறு என்று சொன்னேன். "சரி, கார்டக் குடு" என்றார்.

போன திங்கட்கிழமை மதியம் அவரிடம்தான் முதலில் செய்தியைச் சொன்னேன். "மூஞ்சி வேணாம்னு சொன்னேன், கேட்டுக்கினாரு. யாரு கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டில் நின்ற அந்த நாளில் சேஷாத்ரி எனக்குச் சொன்ன ஒன்றை மனதில் வைத்திருக்கிறேன். "'புரியறதா'ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டிடுவா. 'இதுல என்ன தெரியறது'ன்னு கேட்டுட்டு, வாயை மூடிண்டு நில்லுங்கோ." நோட்டீஸ் எதுவும் ஒட்டுமுன் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். கேட்பது எளிதாக வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.