எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கொக்கி

அன்று காலை பட்டறை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். முனுசாமி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரில் வந்து நின்றார். "அக்கா பூட்டாங்கண்ணா" என்றார். இறந்தது எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஓர் அக்காதான். மழைக்காலத்துக் காய்ச்சல்தானே, இரண்டு நாளில் எழுந்துவிடுவார் என்று எல்லோரும் அசட்டையாக இருந்துவிட்டோம். ஷட்டரை மறுபடி இறக்கிப் பூட்டினேன்.

மரியபுஷ்பம் அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையூரிலிருந்து பெரும்பாக்கம் வரை எண்பதுகளுக்குப் பிறகு வீடு கட்டியவர்கள் அவர் குரலையாவது கேட்டிருப்பார்கள். முன்னால் வாளி பொருத்திய பழைய டிராக்டர் ஒன்றை வாடகைக்கு விட்டுவந்தார். முனுசாமி ஓட்டுவார், அக்கா மட்கார்டில் உட்கார்ந்து அதிகாரம் செய்வார். கணவர் சூசையண்ணன் கிணறு தோண்டுபவர். அதிர்ந்து பேசாதவர். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் உறைக்கிணறுகள்தான் அதிகம். சிமெண்டு உறையைத் தரையில் வைத்து, ஆள் அதற்குள் இறங்கி அடிமண்ணைப் பறிப்பார். உறை மெல்லக் கீழே இறங்கும். அதன் தலையில் அடுத்த உறையை வைக்க வேண்டும். அடுக்குமாடிகள் வரத் தொடங்கியதும் உறைகளும் பெருத்துவிட்டன. அவற்றைத் தூக்கி வைப்பது டிராக்டர் வாளியின் வேலையானது. மேலே அக்காவின் வாளி, கீழே அக்காவின் கணவர். அக்காவின் பயமெல்லாம் அதுதான்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் என் வெல்டிங் பட்டறைக்கு வந்தார். வாளியின் பற்களில் சுற்றியிருந்த சங்கிலி வழுக்கி, உறை ஒன்று சாலையில் விழுந்து உடைந்திருந்தது.

"தங்கராசு, வாளியில கொக்கி வெச்சிக் குடு. சங்கிலிய பல்லுல சுத்திகினு எத்தினி நாளு தொங்கவுடறது? கீழ அவுரு நிக்கறாரு."

செய்யலாம் என்றேன். எங்கே வைப்பது என்பதில் சண்டை வந்தது. வாளியின் முன்விளிம்பில் வைக்கச் சொன்னார், அங்கே வைத்தால் கிணற்றுக்கு நேராக எட்டுமாம். அது மண்ணை வெட்டுகிற விளிம்பு, தொங்கும் எடையைத் தாங்காது என்று சொன்னேன். "நீ வெக்கிறியா, வேற கடைக்குப் போவட்டா?" என்றார். முணுமுணுத்துக்கொண்டே வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அந்த விளிம்பு அப்பளம் போல வளைந்து வந்து சேர்ந்தது.

"நான்தான் சொன்னேனே அக்கா."

"சொன்ன. ஆனா கத்திச் சொல்லலியே? நான் கேக்க மாட்டேன்னு உனுக்குத் தெரியாதா?"

வாளியில் மட்டுமல்ல, பேச்சிலும் கொக்கி போடுகிறவர் அவர். பதில் சொல்லித் தப்பித்தவர்கள் கிடையாது.

இரண்டாம் முறை என் விருப்பப்படி வாளியின் மேல்விளிம்பில், தடித்த பட்டையைத் தாங்கலாகப் பற்றவைத்து, இரு பக்கமும் இரண்டு கொக்கிகள் வைத்தேன். மாட்டிய சங்கிலி துள்ளி வெளியே வராதபடி ஒவ்வொரு கொக்கியின் வாயையும் மூட ஸ்பிரிங் வைத்த நாக்கு ஒன்று. நடுவில் துளையிட்ட பிளேட்டும் பின்னும் வைத்து, டிரெய்லரைக் கோத்துக்கொள்ள ஒரு ஹிட்ச். தண்ணீர் டேங்கர் டிரெய்லரைப் பின்னால் கட்டிக்கொண்டு சிட்லபாக்கம் சந்துகளில் ரிவர்ஸ் எடுத்தவர்களுக்குத்தான் அந்தப் பேஜார் தெரியும். முன்னால் மாட்டினால் கண்ணால் பார்த்துக்கொண்டே உள்ளே தள்ளிவிடலாம். முனுசாமி அந்த ஹிட்ச்சுக்கு மூக்குத்தி என்று பெயர் வைத்தார்.

இத்தனையும் செய்த பிறகாவது அக்கா நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. உறை தரையை விட்டு எழும்புவதற்குள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "யோவ், ஏறி மேல வா" என்று கத்துவார். சேறும் முழங்கால் வலியுமாகக் கயிற்றைப் பிடித்து ஏறி வரும் சூசையண்ணனுக்கு எரிச்சலாக இருக்கும்.

"பின்ன இன்னாத்துக்கு கொக்கி வெச்ச?"

"கொக்கி உறையப் புடிச்சிக்க. உன்னப் புடிச்சிக்க நான் கீறேன். ஏறு."

ஆயுத பூஜை முடிந்து பெரும்பாக்கத்தில் வேலை தொடங்கிய ஒரு நாள். உறை எழும்பும் நேரம். அண்ணன் வழக்கம்போல் முனகிக்கொண்டு மேலே வந்து மணல் மேட்டில் உட்கார்ந்தார். முனுசாமி வாளியை உயர்த்திக் கிணற்றுக்கு நேராகக் கொண்டுபோனார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. ஒரு பக்கத்துச் சங்கிலி கொக்கியை விட்டுத் துள்ளியது. உறை சாய்ந்து, கழன்று, கிணற்றுக்குள் போய்விட்டது.

வெல்டிங் விட்டுவிட்டது என்று மேஸ்திரி எனக்கு ஆள் அனுப்பினார். என் வேலையைக் குறை சொன்னால் எனக்கு ஆகாது. விழுந்தடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கொக்கி அசையாமல் இருந்தது. அதன் நாக்கைத்தான் வாய் மூட முடியாதபடி மடக்கி, கறுப்புக் கயிறு இறுக்கிச் சுற்றியிருந்தது. கயிற்றின் நுனியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. பூஜையன்று முனுசாமி திருஷ்டிக்குக் கட்டியது.

"கொக்கின்னு ஒண்ணு கீது, அதுல மாட்டாம வேற எதுலக்கா மாட்டறது?" என்று முனுசாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லத் தோன்றியது. சூசையண்ணனைப் பார்த்தேன். பற்றவைக்காத பீடியை விரலில் வைத்தபடி கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழத்தைக் கயிற்றோடு பிடுங்கி எறியச் சொன்னார் மேஸ்திரி. அக்கா விடவில்லை. "முனுசாமி கும்புடற சாமிய நான் தூக்கிப் போடறதா?" என்றார். கயிற்றைப் பொறுமையாக அவிழ்த்து, பழம் நசுங்காமல் கையில் வைத்துக்கொண்டார். கழுத்தில் சிலுவை, கையில் எலுமிச்சம்பழம்.

"சங்கிலிக்கு வேற எடம், சாமிக்கு வேற எடம். தங்கராசு, இந்த எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கொக்கி போடு."

ரேடியேட்டருக்குக் கீழே சின்னதாக ஒன்று வைத்துக் கொடுத்தேன். இத்தனை வருடத் தொழிலில் அப்படியொரு வேலை எனக்கு வேறு வந்ததில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு அக்காவே பழம் வாங்கிவந்து முனுசாமியிடம் கொடுத்ததைப் பார்த்தேன். அந்த மனுஷியை எனக்கு அன்று ரொம்பப் பிடித்துப்போனது.

பெரும்பாக்கத்துக்குப் பிறகு சூசையண்ணன் முனகவில்லை. அக்காவின் முதல் குரலுக்கே ஏறி வந்துவிடுவார்.

அடக்கத்தன்று விடாத மழை. வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. சூசையண்ணன் யாரையும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கினார். தண்ணீரை இறைத்தார். அடிமண்ணைக் கையால் தடவிச் சமன் செய்தார். பெட்டி வந்து குழி ஓரத்தில் காத்திருந்தது. ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டு நின்றார். அண்ணன் மட்டும் ஏறவில்லை. சமன் செய்த இடத்தையே மறுபடி மறுபடி தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வாங்க" என்றேன். நிமிரவில்லை.

"அவ கூப்புடட்டும்" என்றார்.

முனுசாமிதான் ஈர மண்ணில் மண்டியிட்டுக் குழிக்குள் கையை நீட்டினார்.

"ஏறி மேல வாண்ணா. நீ கீழ இருந்தா அக்கா எப்டி எறங்குவாங்க?"

அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். அதன் பிறகே நாங்கள் பெட்டியின் கயிற்றைத் தளர்த்தினோம். அண்ணன் மேலேதான் இருக்கிறார், அக்கா. பயமில்லாமல் தூங்குங்கள்.