நீதிபதி கழற்றிய கோட்டு

அந்தக் கறுப்புக் கோட்டின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் பதுளை தொழில் நியாயசபையில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தோட்ட வழக்குகள் நடப்பதைப் பார்க்க ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் இளம் நீதிபதி வந்திருந்தார். அவருக்கும் நான்தான் வாய்.

அன்று தெமோதரைப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் வழக்கு. வேலையும் போய், குடியிருந்த லயத்து அறையையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். "நீயாகத்தானே வேலையை விட்டுப் போனாய்?" என்று தோட்டத்தை நடத்தும் துரையின் தரப்பு வக்கீல் கேட்டதைத் தமிழில் சொன்னேன். "ஆமாங்க" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கோட்டுப் போட்டவர் எதைக் கேட்டாலும் ஆமாங்க என்பது எங்கள் தோட்டங்களில் தாய்ப்பாலோடு ஊறிய பழக்கம். மறுத்துப் பேசினால் மறுநாள் காலை ஆட்களைக் கூட்டும் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட மாட்டார்கள். ஆனால் மொழிபெயர்ப்பவர் சொந்தமாக ஒரு சொல் சேர்க்க முடியுமா? 'ஆம்' என்றே சொல்லித் தொலைத்தேன்.

இடைவேளையில் அவள் மரத்தடியில் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்காக வழக்காடிய தொழிற்சங்கத்துக்காரர் பக்கத்தில் நின்றார். நீதிபதி அங்கே வந்தார். "என் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை செய்தார். நீ செத்துவிட்டாயா என்று துரை கேட்டாலும் ஆமாம் என்பார்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மரத்தின் வேரில் உட்கார்ந்தார். "அன்று காலையில் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்" என்றார். கேட்டேன்.

"கூடையோட பெரட்டுக்குப் போனேங்க. கங்காணி என் பேர மட்டும் கூப்பிடல. வெயில் ஏறுற வரைக்கும் அங்கேயே நின்னேன். எல்லாப் பொம்பளைங்களும் பாத்தாங்களே."

சங்கத்துக்காரர் நிமிர்ந்தார். பிற்பகலில் அதே கேள்வியை உள்ளே கேட்டார். அடுத்த தவணைக்கு அந்தப் பெண்களும் வந்து சாட்சி சொன்னார்கள். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, அறையும் தப்பியது.

அந்த நீதிபதி பின்னாளில் தம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். மனித உரிமைகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். கேள்வி கேட்கத் தெரியாதவன் தீர்ப்பு எழுதக் கூடாது என்பார். எண்பதுகளில் மறுபடி வந்தபோது, அவளைப் பார்க்க வேண்டும் என்றார். தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். நல்ல வெயில். அவர் கோட்டோடு நின்றார், பக்கத்தில் பெரிய துரை. அவள் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

"இல்லைங்க" என்று தலையை ஆட்டினாள், துரையைப் பார்த்துக்கொண்டே. "லயத்துக்கு ஒரு வாரமா தண்ணி வரல. ஏன்னு இவங்களக் கேளுங்க."

நான் வாய் திறக்கும் முன்பே நீதிபதி சிரித்துவிட்டார். அவள் தலையசைப்பே அவருக்குப் போதுமாயிருந்தது. இந்த முறை கோட்டு அவர் தோளிலேயே இருந்தது.