தாகம் என்று நான் கேட்ட சொல்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கினேன். திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானம், நான்கு மணி நேரப் பயணம். திரும்பிப் போக என்னிடம் இரண்டு பயணச்சீட்டுகள் இருந்தன. ஒன்று எனக்கு, இன்னொன்று என் தங்கை ஜெயாவுக்கு. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தவள். கணவர் தவறிவிட்டார். மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். ஜெயாவின் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து இரண்டு வருடமாகிறது. அவளைக் கையோடு நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போய்விடுவது என்று முடிவு செய்துதான் கிளம்பியிருந்தேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முடிவு செய்தால் செய்ததுதான். சந்தேகமிருந்தால் என் மனைவியைக் கேட்கலாம்.

விமான நிலையத்திலிருந்து நகரத்தின் மத்திய ரயில் நிலையத்துக்குப் பேருந்தில் பதினைந்து ரிங்கிட், ஒரு மணி நேரம். நிலையத்தை ஒட்டியே பிரிக்பீல்ட்ஸ் என்ற தமிழர் பேட்டை. மல்லிகைப்பூ, ஊதுபத்தி, சாம்பார் எல்லாம் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் வெளிநாட்டுக்கு வந்த நினைப்பே போய்விட்டது. தோசையும் ஒரு தே தாரேக்கும் சாப்பிட்டேன். நம் ஊர் சாயாவைவிட இனிப்பு அதிகம், நுரையும் அதிகம். மறுபடி நிலையத்துக்கு வந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் பிடித்தேன். நான்கு ரிங்கிட்கூட ஆகவில்லை. பெட்டிக்குள் குளிர் எலும்பைத் துளைத்தது. சுபாங் ஜெயா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா என்று ஒவ்வொரு ஊராகப் படித்துக்கொண்டே போக, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாயிற்று.

கிள்ளான் நிலையத்துக்கு வெளியே வெயில் சுட்டெரித்தது. வாடகைக் கார் ஓட்டி வந்த தமிழ் இளைஞர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வெயிலு தாஹான் பண்ண முடியல லா, அங்கிள்."

தாகம் என்கிறார் என்று நினைத்தேன். எதற்கும் ஒரு 'பண்ண' சேர்த்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம் என்று ஜெயா தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். தாகத்தையும் பண்ணுவார்கள் போலும்.

"மோர் குடிங்க தம்பி. கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டு" என்றேன்.

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரி அங்கிள்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஜெயாவுடன் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நான்கு மணி நேரம் அவள் அங்கேதான். கடைவீதியில் ஒரு கட்டடத்தின் முதல் மாடி. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு இயந்திரம். ஊசி குத்துவதற்காகவே அறுவை செய்து வைத்திருந்த அவள் இடது கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தோலுக்கு அடியில் இரத்தம் உறுமிக்கொண்டிருந்தது. மின்மாற்றியில் கை வைத்ததுபோல் இருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். தொலைபேசியில் இரண்டு வருடமாக "நல்லா இருக்கேண்ணே" என்று இவள் சொன்னதெல்லாம் இதைத்தானா?

பக்கத்து நாற்காலியில், அருகிலுள்ள காப்பார் என்ற ஊரிலிருந்து வரும் பார்வதி அக்கா. நெற்றி நிறையத் திருநீறு. மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான். ஊசி ஏற்றுவதற்கு முன் ஜெயா கண்ணை மூடி மெல்லிய குரலில் ஜெபம் செய்தாள். அக்காவும் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயாவின் நோய் தெரிந்த நாளிலிருந்து நான் ஜெபம் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், மற்றவர்கள் எழும்போது எழுவேன், உட்காரும்போது உட்காருவேன். ஆண்டவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டு மணி நேரம் கழிந்திருக்கும். பார்வதி அக்கா, "எப்படி ஜெயா?" என்று கேட்டார்.

"தாஹான் பண்றேன் லா, அக்கா" என்றாள் ஜெயா. அவள் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பேர் இருக்கிறார்கள், தாகம் என்பவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. கீழே இறங்கி, ஆறு ரிங்கிட்டுக்கு ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு ஓடிவந்து, உறிஞ்சு குழலை அவள் வாயருகே பிடித்தேன். ஜெயா அந்த இளநீரைப் பார்த்தாள். அவ்வளவு ஆசையாக ஒரு பொருளை அவள் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

"ஐயோ அங்கிள்!" என்று தாதி ஓடிவந்தார். இங்கே தாதியை மிஸ்ஸி என்கிறார்கள். "இளநீர்ல பொட்டாசியம் எவ்வளவு இருக்கு தெரியுமா? ஹார்ட்டே நின்னுடும்!"

"தாகம்னு சொன்னாளே" என்றேன்.

ஜெயாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பார்வதி அக்கா சிரித்த சிரிப்பில் இயந்திரம் கத்த ஆரம்பித்து, மிஸ்ஸி அதட்ட வேண்டியதாயிற்று.

"அண்ணே, அது தாகம் இல்ல. தாஹான். மலாய்க்காரங்க வார்த்தை. பொறுத்துக்கிறது, தாங்கிக்கிறது" என்றார் அக்கா. "துஹான்னா சாமி. தாஹான்னா தாங்குறது. மாத்திக் கீத்திச் சொல்லிடாதீங்க."

சிறுநீர் பிரியாத உடம்புக்குத் தண்ணீரே எதிரி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நாள் முழுவதற்கும் அவளுக்கு ஒரு சின்னப் போத்தல். இந்த வெயிலில், நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வாளாம். தாகம் என்று நான் தப்பாகக் கேட்டேன். ஆனால் தாகமும் இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பயணச்சீட்டை எடுத்து வைத்தேன். நாகர்கோவிலில் மருத்துவமனை பார்த்தாயிற்று, கீழறையைக் காலி செய்தாயிற்று என்றேன்.

"நான் வரலண்ணே" என்றாள்.

"இங்க உனக்கு யாரு இருக்கா?"

"பார்வதி அக்கா."

"அவங்க உனக்கு யாரு?"

"பக்கத்து நாற்காலி."

போன வருடம் அக்காவின் கணவர் இறந்ததும், இனி டயாலிசிஸ் வேண்டாம் என்று அக்கா வீட்டிலேயே படுத்துவிட்டாராம். ஜெயா காப்பாருக்குப் போய் வாசலில் உட்கார்ந்து, "நீங்க வந்தாத்தான் நான் ஊசி குத்திக்குவேன்" என்றிருக்கிறாள். சாயங்காலம் இருவரும் சேர்ந்து நிலையத்துக்கு வந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அதுதான் ஒப்பந்தம். ஒருத்தி வராவிட்டால் மற்றவளும் வரமாட்டாள்.

"அங்க வந்தா நான் உங்க வீட்டு நோயாளி" என்றாள் ஜெயா. "இங்க எனக்கு ஒரு வேலை இருக்கு. ஆண்டவர் குடுத்த வேலை."

"ஆண்டவர் வேலை குடுத்தாரா? கிட்னியைக் குடுத்திருக்கலாம்ல?" கத்தியே விட்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். உங்களைவிடச் சத்தமாக் கேட்டேன். ஏன்னு கேட்டதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. ஆனா விட்டுட்டுப் போகல அவர். அது எனக்குத் தெரியும்ணே." சொல்லிவிட்டுச் சாப்பிட்ட தட்டுகளை அடுக்கி எடுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவளுடைய தமிழ்ச் சபைக்குப் போனோம். அது பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் சேர்ந்த சபை என்பதால் இன்னும் ரயில் ஏறி வருகிறாள். ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சகோதரி, முழு விசுவாசத்தோட கேட்டா சுகம் நிச்சயம். நீங்க இன்னும் கேக்கணும்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயா பேசினாள்.

"கேட்டேன் ஆன்டி. நான் கேட்டது சுகம். அவர் குடுத்தது திங்கள், புதன், வெள்ளி. அதை வாங்கிட்டேன்."

குரலில் சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. அந்த அம்மாள் கையை விட்டுவிட்டார். ரயிலில் திரும்பும்போது நான் பயணச்சீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை மறுபடி டயாலிசிஸ் நிலையம். மிஸ்ஸி ஊசியோடு வந்து நின்றார். ஜெயா என்னைப் பார்த்து, "இன்னைக்கு நீங்க ஜெபம் பண்ணுங்கண்ணே" என்றாள்.

மாட்டேன் என்று சொல்ல வந்தேன். இரண்டு பெண்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மிஸ்ஸியும் ஊசியைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடமாகப் பேசாதவரிடம் எதைச் சொல்லித் தொடங்குவது? அக்காவுக்கும் சேர்த்து இருக்கட்டும் என்று, அவர்களுடைய சொல்லையே எடுத்துக்கொண்டேன்.

"துஹான், எங்களைத் தாஹான் பண்ணும்."

அதற்கு மேல் வரவில்லை. ஆமென் என்றேன்.

பார்வதி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "அண்ணே, நாங்க தாஹான் பண்றதுக்குப் பலம் குடுன்னு கேக்கணும். நீங்க சாமியவே எங்களைத் தாஹான் பண்ணச் சொல்லிட்டீங்க!"

ஜெயா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"அண்ணன் சரியாத்தான் கேட்டிருக்காங்க அக்கா" என்றாள். "ரெண்டு வருஷமா நான் போட்ட சண்டைக்கு வேற யாரா இருந்தாலும் ஓடியிருப்பாங்க. நானா தாஹான் பண்றேன்? அவர்தான் என்னைத் தாஹான் பண்றாரு." பிறகு இடது கையை நீட்டி, "குத்துங்க மிஸ்ஸி" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை கிள்ளான் ரயில் நிலையம்வரை வந்து வழியனுப்பினாள். என் பையில் முறுக்குப் பொட்டலங்களைத் திணித்தாள். வெயில் அப்போதே ஏறிவிட்டிருந்தது.

"விமானத்துல தண்ணி குடுப்பாங்க. எனக்கும் சேர்த்து ஒரு மடக்கு குடிங்கண்ணே" என்று சொல்லிச் சிரித்தாள். ரயில் வந்துவிட்டது.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு ருசி. ஒரு செம்பு குடித்தால் மறு செம்பு கேட்கும். சின்ன வயதில் வாளியைத் தூக்கி அப்படியே வாயில் சரித்துக்கொள்வாள் ஜெயா. அவளுக்காகக் காலி செய்த கீழறையிலிருந்து பார்த்தால் அந்தக் கிணறுதான் தெரியும். விமானத்தில் என் பக்கத்து இருக்கை அவளுக்காக வாங்கியது. காலியாகவே வந்தது.

பணிப்பெண் தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு குவளை கேட்டேன். பக்கத்து இருக்கையின் பலகையையும் இறக்கி, அதில் ஒன்றை வைத்தேன். கண்ணை மூடி, இந்த முறை யாரும் கேட்காமலே ஜெபம் செய்தேன். பிறகு என்னுடையதைக் குடித்தேன். அவளுடையதை மெதுவாக, ஒவ்வொரு மடக்காகக் குடித்தேன்.