நான் புதைத்த காது

வெந்துபோன ஓர் ஆட்டுக் காதைச் செய்தித்தாளில் சுற்றிக் கண்மாய்க்கரையில் புதைத்தவன் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வாத்தியார் வேலைக்குப் படிக்கும் பி.டி. பட்டம் பெற்றிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் வளர்ந்த நான் பரளச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு என் நடத்தை பற்றிய போலீஸ் விசாரணை அறிக்கை வரவேண்டியிருந்தது. குற்றத்தின் தடயத்தை மறைப்போருக்குத் தண்டனையைக் கடுமையாக்கச் சட்டம் திருத்தலாம் என்று அந்த வாரம் பேப்பரில் ஒரு செய்தி. டீக்கடையில் அதை வாசித்துக் காட்டியதோடு நிற்காமல், ஓர் எலும்பை ஒளித்தாலும் ஜெயில்தான் என்று விளக்கவுரையும் ஆற்றினேன். மறுத்துப் பேச ஆளில்லை. எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறன்று கறிக்கடையில் தீயில் வாட்டிய ஆட்டுத்தலையில் பாதி வாங்கிக் குழம்பு வைத்துத் தின்றேன். காதை மட்டும் ஒதுக்கிவிட்டேன். டவுனில் வளர்ந்தவனுக்கு அது கழிவாகத் தெரிந்தது. பிறகு டீக்கடைக்குப் போனால், ஆடு மேய்க்கும் அக்கா ஒருத்தி தலையில் கைவைத்து நிற்கிறாள். முந்தின நாள் மேய்ச்சலுக்குப் போன கெடா திரும்பவில்லையாம், எவனோ களவாண்டுவிட்டானாம். அடையாளம் கேட்டார்கள். இடது காதில் இரண்டு வெட்டு என்றாள்.

என் தட்டோரம் கிடந்த காதிலும் இரண்டு வெட்டு.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் களவாண்ட ஆட்டின் மூளை என் வயிற்றுக்குள் இருந்தது. விசாரணை அறிக்கையில் அதை எப்படி எழுதுவார்கள் என்று யோசித்தேன். வீட்டுக்கு ஓடிக் காதைச் சுற்றக் காகிதம் தேடினேன். கையில் சிக்கியது அதே பேப்பர்.

மறுநாள் காலை டீக்கடை வாசலில் ஒரு நாய் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக் குதறிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து காதைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்குமுன் நான் திறந்துவிட்டேன். வாங்கியது, தின்றது, புதைத்தது எல்லாவற்றையும், சட்டப்பிரிவு எண்ணோடு.

அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"எங்க கெடா நேத்து பொழுதடைய தானா வந்துருச்சு வாத்தியாரய்யா. இது எங்க கொழுந்தனாரு கறிக்கடைக்கு வித்தது. பங்காளிக எல்லாரும் ஒரே வெட்டுத்தான் போடுவோம்."

நடக்காத குற்றத்துக்கு நான் ஒருவனே குற்றவாளி. வேலை தப்பியது என்று மூச்சு விட்டேன். அவள் நாயை விரட்டிவிட்டு, காதை இன்னொரு தரம் வருத்தத்தோடு பார்த்தாள்.

"தலையில ருசியே காதுதான். அதைப் போயி மண்ணுல போட்டீகளே. இவுகளா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்காக?"