ஆறாவது ஆளுக்கு ஒரு சீட்

பானுப்பிரியா ஆவடி மார்க்கெட் பக்கத்தில் பால்ராஜ் என்பவரின் மருந்துக்கடையில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் கிறுக்குவதை ஒரே பார்வையில் படித்துவிடுவாள். யாராவது பெண் கடை வாசலில் தயங்கித் தயங்கி நின்றால், கூட்டம் குறையும்வரை காத்திருந்து, கேட்டதைப் பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தனுப்புவாள். அவர்கள் முகத்தை நேராகப் பார்க்கமாட்டாள்.

அவளே போன வருஷம் செப்டம்பரில் ஒரு பிரெக்னன்சி கிட் வாங்குவதற்காக ரயிலேறிக் கொரட்டூர் வரை போனாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. மகள் பவ்யா பன்னிரண்டாம் வகுப்பு, மகன் விக்ரம் ஏழாம் வகுப்பு. நாள் தள்ளிப்போனபோது அது நிற்கிற வயசு என்று நினைத்துவிட்டாள். இத்தனை பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவளுக்குத் தன் உடம்பு தெரியவில்லை. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "மூணரை மாசம் ஆச்சும்மா. குழந்தை நல்லா இருக்கு" என்றார்.

கணவன் சிவராமன் பாதுகாப்புத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர். செய்தி கேட்டதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான். நல்ல சிரிப்புதான். ஆனால் அந்தச் சிரிப்புக்காக அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெளியில் நடந்துபோகப்போவது அவன் இல்லையே.

அவர்கள் இருப்பது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். ஒரு வீட்டில் குக்கர் எத்தனை விசில் என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும். பானுப்பிரியா தொளதொள சுடிதாருக்கு மாறினாள். கடையில் போடும் வெள்ளை கோட்டைக் கழற்றாமல் வீடுவரை வந்தாள். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், தீபாவளி போகட்டும், பவ்யாவுக்குப் பரீட்சை முடியட்டும் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது.

வண்டிப் பேச்சை எடுத்தவன் சிவராமன்தான். அவர்களிடம் இருந்தது ஒரு பழைய சின்ன கார். அவன், அவள், இரண்டு பிள்ளைகள், முழங்கால் மடக்க முடியாத மாமனார் ஏகாம்பரம், ஐந்து பேரும் அதில் ஏறினால் முன்சீட்டில் காலை நீட்டி உட்காரும் ஏகாம்பரத்தைத் தவிர வேறு யாரும் காலை அசைக்க முடியாது. இனிமேல் ஸ்கூட்டரிலும் போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"ஏழு சீட் வேன் ஒண்ணு பாக்கலாம். பெருமைக்கு வேணாம். நடுவழில நிக்காத வண்டியா இருந்தா போதும்" என்றான்.

முதலில் அம்பத்தூரில் ஒரு ஷோரூமுக்குப் போனார்கள். பவ்யாவும் கூட வந்தாள். கழுத்தில் டை கட்டிய ஒரு சின்னப் பெண் வந்து, "பேமிலில எத்தனை பேர் மேடம்?" என்று கேட்டாள்.

சிவராமன் பானுப்பிரியாவைப் பார்த்தான். அவள் பவ்யாவைப் பார்த்தாள்.

"அஞ்சு" என்றாள்.

"அஞ்சு பேருக்கு வேன் எதுக்கு மேடம்? இந்த மாடல் பாருங்க, வெலையும் கம்மி, மைலேஜும் நல்லா தரும்" என்று அந்தப் பெண் அவர்களை ஒரு சிவப்பு நிறக் காரிடம் கூட்டிப்போனாள். ஏன் அது போதாது என்று சொல்ல வழியில்லாமல், அந்தக் காரின் டிக்கியையும் கேமராவையும் அரை மணி நேரம் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தார்கள். வெளியே வந்ததும் சிவராமன், "நல்லா இருக்கு போ" என்றான்.

புது வண்டி விலையும் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததால், பழைய வண்டி பார்ப்பது என்று முடிவாயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கன்னியப்பன் என்கிற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டார்கள். முகப்பேரில் ஒரு வேன் பளபளவென்று நின்றது. கன்னியப்பன் அதன் தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் விரலை விட்டுக் காட்டினான். விரலில் வண்டல். "மழத்தண்ணில முங்கி எந்திரிச்சது அண்ணாத்தே. இதுக்கு வெளிலதான் பவுடர் போட்டு வெச்சிகீறாங்க. வாங்க போலாம்."

அடுத்தது நவம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை, பூந்தமல்லியில். வண்டிக்காரர் வெளியே போயிருந்ததால் அவர் மனைவி சபீனாதான் சாவியோடு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நாலு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். இரண்டு பெண்களும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், மகன்கள் பைக்கில் பறக்கிறார்கள், வேன் சும்மா நிற்கிறது என்று வாசலிலேயே மொத்தக் கதையையும் சொன்னாள். சர்வீஸ் செய்த ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கன்னியப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தான்.

பானுப்பிரியா நடுச் சீட்டில் ஏறிப் பார்க்கப் போனாள். படி கொஞ்சம் உயரம். தன்னை அறியாமல் ஒரு கை வயிற்றுக்கு அடியில் போயிற்று. சபீனா ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"பாத்தும்மா, பாத்து ஏறு. இன்னா, ஆறு மாசமா?"

கன்னியப்பன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். சிவராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அன்றும் கூட வந்திருந்த பவ்யா வண்டியின் அந்தப் பக்கக் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லங்க. தைராய்டு" என்றாள் பானுப்பிரியா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நூறு மைக்ரோகிராம் மாத்திரை போட்டுட்டு இருக்கேன். அதுல உடம்பு ஊதிடுது" என்றும் சொன்னாள். மருந்துக்கடைக்காரி சொன்ன பொய், மாத்திரை அளவோடு வந்தது.

சபீனாவின் கை சட்டென்று விலகியது. முகம் சுண்டிப்போயிற்று. "அய்யோ அல்லா. தப்பா நெனச்சிக்காதம்மா. என் வாய் இருக்குதே..." என்று என்னென்னவோ சொன்னாள். டீ போட்டு வருவதாக உள்ளே போனவள், டீயைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள்.

வண்டியைக் குத்தம்பாக்கம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். "இஞ்சின் கல்லு மாறி கீது. கண்ண மூடிகினு எடுங்க" என்றான் கன்னியப்பன். பவ்யா கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

மறுநாள் மதியம் கடையில் இருக்கும்போது சபீனாவிடமிருந்து போன் வந்தது. "நேத்திலேர்ந்து மனசே செரியில்லம்மா. நாலு பெத்தவ, பாத்தாலே தெரியும்னு ஒரு திமிரு எனக்கு. நோயாளிப் பொண்ணப் போயி அப்டி கேட்டுட்டேன். மன்னிச்சிக்கோ." பானுப்பிரியா அப்போதே சொல்லியிருக்கலாம். எதிரே வாடிக்கையாளர்கள் நின்றார்கள். "பரவால்லக்கா, விடுங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள். அன்று இருமல் மருந்து கேட்டவருக்கு அஜீரணத்துக்குக் கொடுத்துவிட்டு, தெரு முனைவரை ஓடிப்போய் மாற்றிக் கொடுத்தாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் வண்டியை எடுத்து வரும் நாளில், கடையில் ஆள் இல்லை என்று சொல்லி அவள் போகவில்லை. சிவராமனும் பவ்யாவும் போனார்கள். மத்தியானம் வேன் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றது. விக்ரம் சுற்றிச் சுற்றி வந்தான். ஏகாம்பரம் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு முன்சீட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். பவ்யா மட்டும் இறங்கவில்லை.

பானுப்பிரியா ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பவ்யா ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"கருஞ்சீரகம். அந்த ஆன்ட்டி குடுத்தாங்க. தைராய்டுக்கு நல்லதாம். காலைல வெறும் வயித்துல சாப்பிடணுமாம். எப்படிப் பொடி பண்ணணும்னு எழுதியும் குடுத்திருக்காங்க."

பானுப்பிரியா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் கருஞ்சீரகத்தை இப்படிச் சாப்பிடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாங்க. மாத்திரை போடுறாங்க ஆன்ட்டி, பரவால்லன்னு சொன்னேன். அப்பா ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னாரு."

"உனக்குத் தெரியுமா?" என்றாள் பானுப்பிரியா மெதுவாக.

"தீபாவளிக்கு முன்னாடியே தெரியும். ஸ்கேன் ஃபைல பீரோல பொடவைக்கு அடியில வெச்சிருக்க. என் சர்டிபிகேட் எல்லாமும் அங்கதானம்மா இருக்கு."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." பவ்யா சற்று நேரம் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லல, எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. ஸ்கூல்ல தெரிஞ்சா என்ன பண்றதுன்னு நெனச்சேன். ஆனா அன்னிக்கு நீ இல்லவே இல்லன்னு சொன்ன பாரு, அப்பதான் ரொம்ப வெக்கமாப் போச்சு. வயித்துல இருக்கறது நானா இருந்தாலும் இல்லன்னு சொல்லியிருப்பியா?"

அவள் இறங்கிப் போய்விட்டாள். பானுப்பிரியா புது வண்டியில், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இதுவரை அவள் வெட்கப்பட்டது வயதுக்காக, ஊர் பேசும் என்பதற்காக. இப்போது வந்தது அந்த வெட்கம் இல்லை. இதற்கு வெள்ளை கோட்டு போட்டு மறைக்க முடியாது. பதினேழு வயதுப் பெண்ணை, தன் பொய்க்குச் சாட்சி சொல்ல அனுப்பிவைத்திருக்கிறாள்.

அந்த வாரமே எல்லோரிடமும் சொன்னாள். விக்ரம் நம்பாமல் அக்காவிடம் போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டான். ஏகாம்பரம், "தெரியும்மா, நீயா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார். கடையில் பால்ராஜ் ஒன்றும் பேசாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் முதுகு சாய்கிற மாதிரி ஒரு நாற்காலி போட்டார். விக்ரமைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள்.

சபீனா ஒருத்திதான் பாக்கி.

"நீங்க போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்" என்று சிவராமனிடம் கேட்டாள்.

"மாட்டேன். சொன்னது நீ. நீதான் போகணும்" என்றான். அவன் அப்படிக் கறாராகப் பேசி அவள் கேட்டதில்லை.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனார்கள். பவ்யாவும் வந்தாள். சிவராமன் வேனைத் தெருமுனையில் நிறுத்த, பானுப்பிரியா இறங்கி நடந்துபோய்க் கதவைத் தட்டினாள். எட்டாம் மாசம். மறைக்க ஒன்றுமில்லை.

சபீனா கதவைத் திறந்து வயிற்றைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அன்னிக்கு நீங்க கேட்டது சரிதான்க்கா. நான்தான் பொய் சொன்னேன். பொண்ணு பக்கத்துல இருந்தா. இந்த வயசுல இதுன்னு..."

"என்னாண்ட எதுக்கும்மா பொய்யி? நான் இன்னா உன் சொந்தமா, பந்தமா? ஊர்ல போய்ச் சொல்லப்போறேனா?" சபீனாவின் குரல் உயரவில்லை. "ஒன்ற மாசமா எங்க ஊட்ல எனக்குப் பேச்சு. ஊட்டுக்காரரு, ‘உன் வாய் சும்மாவே இருக்காதா’ன்னு கேட்டாரு. எங்க நாத்தனார் மருமக மாசமா கீறா. அவளப் பாத்து ஒரு வார்த்த விசாரிக்கல நானு. நமக்கு இன்னா தெரியும், ஊதுன ஒடம்பா கூட இருக்கும்னு வாய மூடிகினு கீறேன். அந்தப் பொண்ணு, மாமிக்கு என்மேல கோவம்னு அழுதுகினு போச்சாம்."

பானுப்பிரியா தலை நிமிரவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் தன் பொய் இவ்வளவு தூரம் நடந்து போயிருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற சொல்லை அன்றைக்கு போனில் சபீனாவே செலவழித்துவிட்டாள். அதையே திரும்பச் சொல்ல அவளுக்குக் கூசியது.

திடீரென்று சபீனா அவள் தோளைப் பிடித்தாள். "ஏம்மா, அந்தக் கருஞ்சீரகம்! சாப்ட்டியா?"

"இல்லக்கா. தொடல."

"நெஜமா சொல்றியா?"

"நெஜமாக்கா."

சபீனா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எதுனா ஆகியிருந்தா, அந்தப் பாவத்த நான் ஏத்துகினு திரிஞ்சிருப்பேன்டி ஆயுசுக்கும்" என்றாள். அப்போதுதான் பானுப்பிரியாவுக்கு அழுகை வந்தது. தெருமுனையில் நின்ற பவ்யா ஓடி வந்தாள். சபீனா அவளைப் பார்த்து, "ஒங்கம்மாவுக்கு உள்ள போய்த் தண்ணி எடுத்தா, போ" என்றாள். பவ்யா போய் எடுத்துவந்தாள்.

மார்ச்சில் முகப்பேரில் ஒரு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சபீனாவுக்குச் செய்தி சொன்னது பவ்யாதான். நான்காம் நாள் சபீனா வந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அது யார் ஜாடை என்று ஏகாம்பரத்தோடு வாதம் செய்தாள். நாத்தனார் மருமகளுக்குப் பையன் என்றாள். சபீனா எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆளில்லை. பானுப்பிரியாதான் நிமிர்ந்து பார்க்கமுடியாமல் போர்வையைச் சரி செய்துகொண்டே இருந்தாள்.

வேன் நன்றாக ஓடுகிறது. தடுப்பூசிக்கு, ஏகாம்பரத்தின் முழங்கால் வைத்தியத்துக்கு, பவ்யாவின் கல்லூரி விண்ணப்பங்களுக்கு என்று ஆறு பேரும் அதில்தான் போய்வருகிறார்கள். பூந்தமல்லியைத் தாண்டும்போது, "உள்ள போய்ப் பாத்துட்டுப் போலாமா?" என்று சிவராமன் கேட்பான். "இன்னொரு நாள்" என்பாள் அவள். இரண்டு தடவை அப்படிச் சொல்லியாயிற்று. மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. வண்டியைச் சபீனாவின் தெருவுக்குள் திருப்பிவிட்டான்.